மின்மைத் திரையும் நூலின் நிலைபேறும்

ஒரு நூல் அழிந்தது என்று சொல்லும்போது அழிந்தது எது என்ற கேள்விக்கு இந்தியத் தத்துவ மரபுகள் ஒரே விடையைத் தந்ததில்லை. சொல் என்றும் உள்ளது, நாவும் மூச்சும் அதனை வெளிப்படுத்துகின்றனவே அன்றிப் படைப்பதில்லை என்பது மீமாஞ்சை மதத்தார் கொள்கை. ஒலி முயற்சியால் பிறந்து பிறந்த இடத்திலேயே மறைவது, ஆகவே சொல்லும் செய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றே என்பது நியாய மதத்தார் மறுப்பு. எல்லாப் பொருளும் கணந்தோறும் தோன்றிக் கணந்தோறும் அழிகின்றன, தொடர்ச்சி என்று உலகம் கருதுவது ஒத்த கணங்களின் வரிசையே என்னும் கணபங்க வாதத்தைப் பௌத்தர் முன்வைத்தனர். இல்லாத ஒன்று புதிதாகத் தோன்ற முடியாது, தோற்றம் என்பது காரணத்துள் நுண்ணிலையில் இருந்தது வெளிப்படுதல், அழிவு என்பது மீண்டும் அதனுள் ஒடுங்குதல் என்னும் சற்காரிய வாதத்தைக் கொண்டு சைவ சித்தாந்தம் அவர்களை எதிர்கொண்டது. இந்த வாதங்கள் ஓலையும் எழுத்தாணியும் வழங்கிய காலத்தில் எழுந்தவை. ஆயினும், பன்னிரு திருமுறையையும் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தையும் சைவ சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கையும் ஒரே மின்வாசிப்புக் கருவிக்குள் ஏற்றிக்கொள்ள முடிகிற இக்காலத்தில், ஆறு அங்குலத் திரை கொண்டதை வாங்குவதா, பத்து அல்லது பதின்மூன்று அங்குலத் திரை கொண்டதை வாங்குவதா, இவற்றுள் நெடுநாள் உழைப்பது எது என்று வாசகர் எழுப்பும் கேள்விக்குள்ளும் அதே வாதம் புதைந்து கிடக்கிறது. நெடுநாள் இருக்கவேண்டியது கருவியா, அதில் தோன்றும் நூலா என்பதைத் தெளிவுபடுத்தாமல் அங்குலக் கணக்கைப் பேசிப் பயனில்லை.

இக்கேள்வியைச் சேர்வராயன் மலையில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறங்கும் சாலையை ஒட்டிய கொட்டச்சேடும் அதைச் சுற்றியுள்ள மலையூர்களும் தாளுக்குப் பகையான நிலப்பகுதி. சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் காப்பிச் செடியை இம்மலைக்குக் கொண்டுவந்ததற்கும், அது இன்றளவும் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களின் நிழலில் செழிப்பதற்கும் காரணமான அதே ஈரமும் பனிமூட்டமும் புத்தகத்தை மெல்லக் கொல்கின்றன. தென்மேற்குப் பருவத்தில் தொடங்கி வடகிழக்குப் பருவம் ஓயும்வரை சுவர் காய்வதில்லை. அலமாரியின் பின்பக்கத்தில் சாய்த்து வைத்த புத்தகத்தின் முதுகுப்பட்டையில் முதலில் சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்கிறது, பிறகு கட்டுமானப் பசையைத் தின்னும் பூச்சி வருகிறது, இறுதியில் இராமபாணம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரே துளையாக இறங்கிவிடுகிறது. சமவெளியில் ஐம்பது ஆண்டு இருக்கும் மலிவுத்தாள் பதிப்பு இங்கே அதன் பாதிக்காலம் இருந்தாலே பெரிது. ஆகவே பூச்சி அரிக்காத, பூஞ்சணம் எளிதில் பற்றாத ஒரு வாசிப்புக் கருவி மலையூர்களுக்குக் கிடைத்த வரம் என்று எண்ணத் தோன்றும்.

அதே மலையில்தான் நூலே இல்லாமல் நிலைத்த ஒரு சமய மரபும் இருக்கிறது. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர், கேரளத்தாரோடு தொடர்பற்ற, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மக்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்று சொல்லிவருபவர்கள். ஏறத்தாழ 1,620 மீட்டர் உயரத்து மலைமுகட்டில், தலை குனிந்து நுழையவேண்டிய குகைக்கோயிலில் சேர்வராயனும் காவேரியம்மனும் வீற்றிருக்க, ஆண்டுதோறும் மே மாதத்தில் ஊர்கள் கூடித் திருவிழா எடுக்கின்றன. இவ்வழிபாட்டுக்கு மூலநூல் என்று எதுவும் இல்லை. இடமும் நாளும் முறையும் வாய்மொழிக் கதையும் சேர்ந்தே அதற்கு நூலாக நிற்கின்றன. எழுதப்படாத மரபு எழுதப்பட்டதைவிடத் தூயது என்று இதனால் முடிவு கட்டிவிடக் கூடாது. சொல்பவர் தலைமுறை ஒன்று மலையிறங்கித் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டால் கதை நின்றுவிடும், அதைத் திரும்பத் தோண்டி எடுக்க எந்த நூலகமும் உதவாது. ஆயினும் ஓர் உண்மையை இம்மரபு தெளிவாகக் காட்டுகிறது: நிலைத்தல் என்பது பொருளின் உறுதியால் மட்டும் நிகழ்வதன்று, கைம்மாறிக்கொண்டே இருப்பதாலும் நிகழ்வது.

எழுதப்பட்ட மரபிலும் இதே செய்தி ஒரு பெருங்கதையாகப் பதிவாகியுள்ளது. உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கருதப்படும் திருமுறைகண்ட புராணம், மூவர் தேவார ஏடுகள் தில்லையில் பூட்டிய அறையொன்றில் கிடந்ததையும், இராசராச மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் அவ்வறையைத் திறந்தபோது ஏடுகள் புற்றால் மூடப்பட்டிருந்ததையும், எண்ணெய் சொரிந்து புற்றைக் கரைத்து எடுத்தபோது பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்ததையும் சொல்கிறது. மன்னன் கலங்கியபோது, இக்காலத்துக்கு வேண்டியவை மட்டும் எஞ்சவிடப்பட்டன என்ற பொருள்பட அசரீரி எழுந்ததாகப் புராணம் கூறும் இடமே தத்துவ நோக்கில் ஆழ்ந்து பார்க்கத்தக்கது. கரையான் அரித்ததை இறைவன் திருவுள்ளமாகக் கொள்வது இழப்பைத் தாங்கிக்கொள்ள உதவும், ஆனால் அறையைப் பூட்டி வைத்தவர்களின் பொறுப்பை அது மறைத்தும் விடுகிறது. நூலைக் காப்பது என்றால் பூட்டிவைப்பது என்று பொருள்கொண்ட ஒரு காலம் அந்நூலின் பெரும்பகுதியை இழந்தது என்பதே அக்கதையின் நேரடிச் செய்தி. ஓலையில் இல்லாமற்போனவற்றுள் ஒன்று கல்லில் கிடைத்ததும் உண்டு: திருஞானசம்பந்தரின் திருவிடைவாய்ப் பதிகம் எந்தச் சுவடியிலும் காணப்படாமல், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூர்க் கோயில் கல்வெட்டிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. ஆகவே உறுதியான பொருளால் பயனே இல்லை என்றும் சொல்ல முடியாது.

உறுதிக்கும் பயனுக்கும் உள்ள உறவைச் சீர்காழிச் செப்பேடுகள் இன்னும் கூர்மையாக்குகின்றன. 2023 ஏப்ரலில் சீர்காழிச் சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்குக்கான யாகசாலைப் பணிக்கு மண் தோண்டியபோது, செப்புத் திருமேனிகளோடு தேவாரம் பொறித்த நானூற்றுக்கும் மேற்பட்ட செப்பேடுகள் வெளிப்பட்டன. கரையான் தொடாத, நெருப்பும் எளிதில் அழிக்காத அந்த ஏடுகள் மண்ணுக்குள் கிடந்த காலம் முழுவதும் அவற்றை எவரும் ஓதவில்லை. அதே காலத்தில், முந்நூறு ஆண்டும் தாங்காத பனையோலையில் படிக்குமேல் படியாக எழுதப்பட்டும் ஓதுவார் நாவில் பண்ணோடு பாடப்பட்டும் அதே பதிகங்கள் வாழ்ந்துகொண்டிருந்தன. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய, அதாவது தேவாரம் பாட, நாற்பத்தெட்டுப் பேரை இராசராசன் நியமித்த கல்வெட்டு, பாடலைப் பொறித்து வைப்பதை நோக்கமாகக் கொண்டதன்று, பாடுவோருக்கு நெல் அளக்க ஏற்பாடு செய்வதையே நோக்கமாகக் கொண்டது. நூலின் நிலைபேறு பற்றி அவ்வரசனுக்குத் தெரிந்திருந்த அளவு இன்றைய கருவி விற்பவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்று சொன்னால் மிகையாகாது.

இனிக் கருவிக்கு வரலாம். மின்மைத் திரை, அதாவது இ-இங்க் என்று வழங்கும் திரை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகத்தில் உருப்பெற்று, 1997இல் தொடங்கப்பட்ட நிறுவனத்தால் வணிகத்துக்கு வந்தது. சோனியின் லிப்ரியே 2004இலும் அமேசானின் கிண்டில் 2007இலும் அதைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தன. தலைமயிரின் பருமனை ஒத்த நுண்குமிழ்கள் பல இலட்சம் ஒரு மென்படலத்தில் பரப்பப்பட்டிருக்க, ஒவ்வொரு குமிழுக்குள்ளும் தெளிந்த திரவத்தில் வெண்துகளும் கருந்துகளும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கின்றன. படலத்தின் கீழுள்ள டிரான்சிஸ்டர் அடுக்கு மின்னழுத்தத்தை மாற்றும்போது ஒரு நிறத்துகள் மேலே வர, மற்றது கீழே இறங்குகிறது. மின்சாரம் நின்ற பின்னும் துகள்கள் இருந்த இடத்திலேயே இருப்பதால் எழுத்து மறைவதில்லை. கைப்பேசித் திரை நொடிக்குப் பலமுறை தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதால் கணபங்க வாதத்துக்கு எடுத்துக்காட்டாகும் என்றால், மின்மைத் திரை சற்காரிய வாதிக்கு உவப்பானது: பக்கம் எதுவும் புதிதாகப் படைக்கப்படுவதில்லை, நினைவகத்தில் ஒடுங்கியிருந்தது துகளின் வழியே வெளிப்படுகிறது, பக்கம் புரட்டும்போது மீண்டும் ஒடுங்குகிறது. முந்தைய பக்கத்தின் மங்கிய நிழல் அடுத்த பக்கத்தில் சில வேளைகளில் தங்கிவிடுவதையும், திரை ஒருமுறை முழுதும் கறுத்து வெளுத்தபின்பே அது நீங்குவதையும் காணும் சித்தாந்த மாணவர், வினை தீர்ந்தபின்னும் ஒட்டிநிற்பதாக ஆசிரியர்கள் கூறும் வாசனா மலத்தை நினைத்துக்கொள்வது இயல்பே.

உவமை அங்கே நிற்கட்டும்; உடைவது எப்படி என்பது பருப்பொருள் சார்ந்த விஷயம். பெரும்பாலான கருவிகளில் டிரான்சிஸ்டர் அடுக்கு மெல்லிய கண்ணாடித் தகட்டின்மேல் அமைகிறது. மின்மைத் திரைகள் சாவது பெரும்பாலும் தேய்மானத்தால் அன்று, பைக்குள் ஒரு சாவிக்கொத்தோ குடைக்காம்போ அழுத்தி அந்தக் கண்ணாடி விரிசல் விடுவதால்தான். ஆறு அங்குலத் திரையின் பரப்பு ஏறத்தாழ 17 சதுர அங்குலம்; 10.3 அங்குலத் திரையின் பரப்பு 51, 13.3 அங்குலத் திரையின் பரப்பு 85, அதாவது சிறியதைப் போல் ஐந்து மடங்கு. ஒரே தடிமனுள்ள தகட்டின் பக்க அளவை இருமடங்காக்கினால் நடுவில் விழும் அதே விசைக்கு அது ஏறத்தாழ நான்கு மடங்கு வளையும் என்பது இயற்பியல். பெரிய திரையில் விரிசல் விழுவதற்கான இடமும் மிகுதி, வளைவும் மிகுதி, உடைந்தால் மாற்றும் செலவும் மிகுதி. சோனி தன் 13.3 அங்குல டிபிடி-எஸ்1 கருவியில் கண்ணாடிக்கு மாற்றாக நெகிழித் தகட்டைப் பயன்படுத்தி எடையை 358 கிராமுக்குள் அடக்கியது இச்சிக்கலை உணர்ந்துதான். ஆனால் அவ்வகைத் திரை விலை குறைந்து எல்லார் கைக்கும் வந்து சேரவில்லை. 2022இல் வந்த ஆறு அங்குலக் கிண்டிலின் எடை 158 கிராம், அதே ஆண்டு வந்த 10.2 அங்குல கிண்டில் ஸ்கிரைப் 433 கிராம். படுத்துக்கொண்டு படிப்பவர் கையிலிருந்து நழுவி விழும்போது எது பிழைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மலையூர் வாசகருக்கு முதன்மையான நீர்க்காப்பு, ஆறு முதல் எட்டு அங்குலக் கருவிகள் சிலவற்றில் உண்டு. பத்து அங்குலத்துக்கு மேற்பட்டவற்றில் பெரும்பாலும் இல்லை.

மின்கலம் இரண்டுக்கும் பொதுவான எமன். லித்தியம் மின்கலம் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் முதுமை அடைவது. அது பசையால் ஒட்டப்பட்ட மூடிக்குள் இருக்கும்வரை, எழுத்துக்குக் குறையில்லாத திரையும் அதோடு சேர்ந்து சாக நேர்கிறது. கையடக்கக் கருவிகளின் மின்கலத்தைப் பயனரே மாற்றத்தக்க வகையில் அமைக்கவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய விதி 2027 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வருகிறது.

உறுதியில் சிறியது வெல்கிறது என்பதோடு வழக்கு முடிந்துவிடாது; பயன் என்னும் மறுதட்டில் பெரியதற்கு எடை உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் சைவச் சுவடித் தொகுப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. சுவடிகளின் படிமங்களும் பழைய அச்சுப் பதிப்புகளின் படிமங்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்ற இடங்களில் இப்போது எளிதில் கிடைக்கின்றன. நாற்பது சென்டிமீட்டர் நீளமும் மூன்று சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு பனையோலையின் படிமத்தை எடுத்துக்கொள்ளலாம். 13.3 அங்குலத் திரையைக் குறுக்காகத் திருப்பினால் அதன் நீளம் 27 சென்டிமீட்டர். ஓலை அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் தெரியும், பழகிய கண்ணுக்கு எழுத்து பிடிபடும். ஆறு அங்குலத் திரையில் நீளம் 12 சென்டிமீட்டர்தான்; ஓலையின் அகலம் ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே சுருங்கி, அதற்குள் ஆறேழு வரிகள் புழுவரிசை போல் நெளியும். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமலும், ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைச்சுழிக் கொம்புக்கும் வேறுபாடு காட்டாமலும் எழுதப்பட்ட சுவடியில், ஒரு கீறல் எழுத்தின் பகுதியா ஓலையின் நரம்பா என்று தீர்மானிக்க வேண்டியவருக்குச் சிறிய திரை உதவவே உதவாது. அச்சுப் பதிப்புகளுக்கும் இது பொருந்தும்: 10.3 அங்குலத் திரை 20.9 சென்டிமீட்டர் உயரமும் 15.7 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது, டெம்மி அளவுப் புத்தகத்தின் பக்கம் அதில் ஏறத்தாழ முழு அளவில் பொருந்திவிடும்.

பெரியது தேவைப்படும் நூலும் சிறியது போதுமான நூலும் ஒரே மரபுக்குள் எவ்வாறு அருகருகே இருக்கின்றன என்பதற்குச் சிவஞானபோதத்தைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. மெய்கண்டார் அருளிய அந்நூலின் பன்னிரண்டு நூற்பாக்களும் சேர்ந்து நாற்பதே அடிகள். ஆறு அங்குலத் திரையில் சில பக்கங்களில் அடங்கிவிடும், மனத்தில் அடக்கிக்கொள்வது அதனினும் எளிது, அதற்காகவே அவ்வாறு யாக்கப்பட்டது. அதற்கு 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் எழுதிய மாபாடியமோ, நூற்பாவைச் சொல் சொல்லாகப் பிரித்து, எதிர்க்கட்சியை எடுத்துரைத்து மறுத்து, வேதாகமங்களையும் தமிழ் நூல்களையும் மேற்கோள் காட்டிச் செல்லும் பேருரை. அதைப் படிப்பவர் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் ஓடவேண்டும், மூலம் ஒருபுறமும் உரை ஒருபுறமும் கண்முன் இருக்கவேண்டும், ஓரத்தில் குறிப்பெழுத இடம் வேண்டும். அத்தனைக்கும் அகன்ற திரை ஏற்றது. ஓதுதற்குச் சிறியது, ஆராய்தற்குப் பெரியது என்று பகுத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறில்லை.

ஓதுவோர் தரப்பில் ஒரு தடை எழுப்பப்படுகிறது: எண்சீர் விருத்தத்தின் ஓர் அடி ஆறு அங்குலத் திரையில் ஒரே வரியில் நிற்பதில்லை, மடங்கி அடுத்த வரிக்குப் போகிறது, யாப்பு கண்ணுக்குக் குலைந்து தெரிகிறது என்பது அத்தடை. குறை உண்மையே. ஆயினும் பாவை அடி அடியாகப் பிரித்து, சீருக்குச் சீர் இடம் விட்டுக் காட்டும் முறை ஆறுமுக நாவலர், தாமோதரம் பிள்ளை, உ.வே.சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்களின் காலத்தில் அச்சில் நிலைபெற்றது; ஓலையில் பாடலும் பாடலும் இடைவெளியின்றி, சொல்லும் சொல்லும் ஒட்டி, ஏட்டின் விளிம்புவரை ஓடின. யாப்பு அக்காலத்தில் செவியில் இருந்தது. சிறிய திரை யாப்பைக் குலைக்கிறது என்று வருந்துவோர், அதை மீண்டும் செவிக்கே கொண்டுபோகும் வாய்ப்பாகவும் கொள்ளலாம்.

தமிழ்நூலுக்கு இன்னொரு சோதனையும் இருந்தது, அது திரையின் அளவைச் சார்ந்ததன்று. ஒருங்குறியில், அதாவது உலக எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் குறியாக்கத்தில், கொம்பும் காலும் மெய்யெழுத்துக்குப் பின்னரே சேமிக்கப்படுகின்றன; திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்கும் வேலையைக் கருவியின் மென்பொருள் செய்யவேண்டும். தொடக்ககாலக் கருவிகள் பல அதைச் செய்யத் தெரியாதவை. கொட்டச்சேடு என்னும் ஊர்ப்பெயரிலேயே கொகரமும் சேகாரமும் இருப்பதால், அத்தகைய கருவியில் அவ்வூரின் பெயர்கூடச் சிதைந்தே தோன்றியிருக்கும். இந்தியாவில் கிண்டில் 2012இல் விற்பனைக்கு வந்தபோதும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழி நூல்களை அமேசான் தன் கடையில் முறையாகச் சேர்த்தது 2016 டிசம்பரில்தான். ஆனால் மதுரைத் திட்டம் என்னும் தன்னார்வ முயற்சி 1998 பொங்கல் நாளிலேயே தொடங்கி, தமிழ் இலக்கியங்களையும் சமய நூல்களையும் விலையின்றி வழங்கிவந்தது. எழுத்துருவும் குறியாக்கமும் மாறியபோதெல்லாம் கோப்புகளையும் மாற்றிக்கொண்டே வந்தது. ஓலை மக்கத் தொடங்குமுன் புதிய ஓலைக்குப் படியெடுத்த ஏடெழுதுவோரின் தொழிலே அது. கல்வெட்டின் உறுதி அதற்கு இல்லை, தேவையும் இல்லை.

இவ்வாறு படியெடுத்து வழங்க முடியாமற்போகும் இடத்தில்தான் நூலின் நிலைபேற்றுக்கு உண்மையான இடையூறு தொடங்குகிறது. சமண மரபு உணவு, மருந்து, அடைக்கலம், நூல் ஆகிய நான்கையும் தானங்களாக வகுத்து, நூலை வழங்குவதைச் சாத்திரதானம் என்று போற்றியது. பத்தாம் நூற்றாண்டை ஒட்டிக் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பை, பொன்னன் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார் என்பது அம்மரபின் பெருமித நினைவு. சம்பந்தரோடு வாதிட்ட சமணரின் ஏடு நெருப்பில் கருகியது, சம்பந்தரின் ஏடு பசுமை மாறாமல் இருந்தது, அவர் வைகையில் இட்ட ஏடு எதிர்நீச்சலிட்டுத் திருவேடகத்தில் ஒதுங்கியது என்று பெரியபுராணம் பாடுவதைச் சைவர் அருட்செயலாகவும் ஆய்வாளர் சமயப் பூசலின் புனைவாகவும் கொள்வர். ஏட்டின் உறுதியைக் கொண்டு கொள்கையின் உண்மையை அளக்கும் அந்தப் போட்டியைவிட, ஏடு கருகும் என்று தெரிந்தே ஆயிரம் படி எழுதுவித்த அம்மையாரின் வழி நூலின் இயல்பை நன்கு அறிந்த வழி. இன்று கருவியோடு இணைந்த கடைகளில் விற்கப்படுவது நூல் அன்று, படிப்பதற்கான உரிமம். அதை மகனுக்கு எழுதிவைக்கவோ கோயிலுக்குக் கொடுக்கவோ பெரும்பாலும் வழியில்லை. 2009 ஜூலையில் ஆங்கில எழுத்தாளர் ஆர்வெலின் நாவல்கள் இரண்டு, விற்பவருக்கு விற்கும் உரிமை இல்லை என்ற காரணத்தால், விலை கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்தே தொலைவிலிருந்து நீக்கப்பட்டன; வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பிவழியே கருவிக்கு மாற்றும் வசதியையும் அமேசான் 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. தானம் செய்ய முடியாத நூல் எவ்வளவு உறுதியான கருவியில் இருந்தாலும் தில்லையின் பூட்டிய அறையில் இருப்பதற்குச் சமம்.

கருவிக்குப் புனிதம் உண்டா என்பதும் கேட்கப்படவேண்டிய கேள்வியே. சரசுவதி பூசை நாளில் சுவடியை அடுக்கி, சந்தனம் இட்டு, அன்று அதைப் படிக்காமல் வைத்து வணங்கும் வழக்கம், நூலின் உடலுக்கே மரியாதை செய்வது. ஒரே கருவியில் திருவாசகமும் துப்பறியும் நாவலும் மின்கட்டணச் சீட்டும் இருக்கும்போது சந்தனம் எதற்கு இடப்படுகிறது என்ற ஐயம் நியாயமானது. சித்தாந்த முறையில் விடை சொல்வதானால், உடல் பலவினைக்கும் பொது, வணக்கம் அதில் விளங்கும் பொருளுக்கு. திருமேனியைச் செம்பாகக் காணாமல் வழிபடுவது போலக் கருவியையும் அந்நேரத்துக்குச் சுவடியாகக் கொள்ளத் தடையில்லை. ஆனால் செம்புத் திருமேனி வழிபாடு முடிந்தபின்னும் திருமேனியே, கருவி அப்படியன்று. பூசைக்கு அச்சுப் புத்தகம் ஒன்று வீட்டில் இருப்பதே நல்லது என்ற பெரியவர்களின் கருத்தில் பொருள் இருக்கிறது.

சிதைந்த சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம், அருமையான ஏடுகள் பலவற்றைத் தமிழுக்கு இல்லாமற் செய்தது என்பதை உ.வே.சாமிநாதையர் வருத்தத்தோடு பதிவு செய்துள்ளார். அவ்வழக்கத்தின் உள்ளே, உடல் முடிந்ததும் அதை முறையாக வழியனுப்பவேண்டும் என்ற உணர்வு இருந்தது. கேடு, படியெடுக்காமல் அனுப்பியதில் விளைந்தது. மின்கருவிக்கு நீரும் ஆகாது, நெருப்பும் ஆகாது: லித்தியம் மின்கலம் எரிந்தால் வெடிக்கும், மண்ணில் எறிந்தால் நஞ்சாகும், மலையில் எறிவது கீழுள்ள ஓடைக்கும் கேடு. இந்தியாவின் 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய கருவிகள் மறுசுழற்சிக்குச் செல்வதற்கான பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைத்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. மின்கலக் கழிவுக்குத் தனி விதிகளும் உண்டு.

கொட்டச்சேட்டில் ஓதுவதற்காகக் கருவி தேடுபவருக்கு நீர்க்காப்புள்ள ஆறு அங்குலக் கருவியே ஏற்றது: ஈரத்தைத் தாங்கும், பையில் உடைவது அரிது, உடைந்தாலும் இழப்பு சிறிது. பத்து அங்குலத்துக்கு மேற்பட்டவை பேருரை படிப்போருக்கும் சுவடி ஆய்வோருக்கும் உரியவை. அவற்றை வீட்டுக்கு ஒன்றாக வாங்குவதைவிட ஊர் நூலகமோ பள்ளியோ ஒன்றை வாங்கி மேசைமேல் வைத்துப் பொதுவில் பயன்படுத்துவது பொருத்தம். எதை வாங்கினாலும் அதிலுள்ள நூல்களைப் பூட்டில்லாத கோப்புகளாக வைத்துக்கொண்டு, உரிமை தடுக்காதவற்றின் படி ஒன்றை இன்னொருவர் கையில் சேர்த்துவிடுமாறு வாசகரைக் கேட்டுக்கொள்வது தகும்.